சிமுலேட்டரில் பறக்க எந்தத் திரை?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் விமானச் சிமுலேட்டருக்கான, அதாவது கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளுக்கான, ஜோய்ஸ்டிக் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திரையைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை இடம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்: ஐயா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு விமானிப் பயிற்சியில் சேரக் காத்திருக்கிறேன். வீட்டில் 24 அங்குல 1080 திரையில் பழகுகிறேன். கட்டுநாயக்கவில் நீர்கொழும்புக் களப்புப் பக்கமாக இறங்கும்போது, ஓடுபாதையோரத்துச் சிவப்பு வெள்ளை விளக்குகள் மிகக் கிட்டப் போகும்வரை பிரிந்து தெரிவதில்லை. உயரமானியில் உள்ள அமுக்க எண்ணையும் வாசிக்க முடிவதில்லை. அப்பா ஒரு திரை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 27 அங்குலமா, 32 அங்குலமா? 1440 போதுமா, 4கே வேண்டுமா? கிராபிக்ஸ் கார்ட் 8 ஜிபி.

தம்பி, கடைக்குப் போவதற்கு முன் அம்மாவின் தையல் நாடாவை எடுங்கள். வழக்கமாக அமரும் கதிரையில், வழக்கமாக அமரும் விதத்தில் அமருங்கள். கண்ணிலிருந்து திரைவரை எத்தனை சென்ரிமீற்றர் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கொழும்பு வீடுகளில் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் வழக்கம் என்பதால் அது பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறாக இருந்தால் கீழே வரும் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் அங்குலத்தால் தீராதவை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிமுலேட்டர் ஒரு காட்சியை வரையும்போது திரை எத்தனை அங்குலம் என்பது அதற்குத் தெரியாது. எத்தனை பிக்சல், அதாவது படத்தை ஆக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள் எத்தனை, என்பது மட்டுமே தெரியும். 1080, 1440 என்பவை திரையில் மேலிருந்து கீழாக உள்ள பிக்சல் வரிசைகளின் எண்ணிக்கை; 4கேயில் அது 2160. 24 அங்குல 1080 திரையை 32 அங்குல 1080 திரையாக மாற்றினால், அதே மங்கலான எண் பெரிதாகித் தெரியுமே தவிர ஒரு புள்ளி விவரமும் கூடாது. விவரம் வேண்டுமென்றால் பிக்சல் வேண்டும். அந்த விவரத்தைக் கண் சிரமமில்லாமல் காண்பதற்கே அங்குலம். முதலில் பிக்சலைத் தீர்மானியுங்கள், பிறகு அங்குலத்தை. கடைகளில் பெரும்பாலும் தலைகீழாகவே கேட்பார்கள்: "எத்தனை இஞ்ச் வேணும்?"

விளக்குகளை எடுத்துக்கொள்வோம். மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும், அவற்றைப் பாப்பி என்பார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் விமானம் சரியான சரிவில் வருகிறது. நான்கும் வெள்ளை என்றால் அதிக உயரம், நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. அடுத்தடுத்த இரு விளக்குகளுக்கு இடையில் 9 மீற்றர் இடைவெளி என்பது சர்வதேச நியமம். 3 பாகைச் சரிவில் இறங்கும்போது, 3 கடல் மைல் தொலைவில் நீங்கள் சுமார் 1000 அடி உயரத்தில் இருப்பீர்கள். தொலைவு ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர். பலரும் வைத்திருப்பதுபோல நீங்களும் பார்வைக் கோணத்தை, அதாவது வெளிக்காட்சியில் எவ்வளவு அகலத்தைச் சிமுலேட்டர் திரைக்குள் அடக்குகிறது என்பதை, 80 பாகைக்கு விரித்து வைத்திருந்தால், உங்கள் 1920 பிக்சல் அகலத் திரையில் அந்த 9 மீற்றருக்குக் கிடைப்பது இரண்டு பிக்சலுக்கும் குறைவு. ஒரு விளக்கே ஒன்றிரண்டு பிக்சலை நிரப்பிவிடும். நான்கு விளக்குகளும் ஒட்டி ஒரு இளஞ்சிவப்புக் கீறலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அதே இடத்தில் 1440 திரை இரண்டரைப் பிக்சல் கொடுக்கும். 4கே திரை ஏறக்குறைய நான்கு கொடுக்கும். வேறு விதமாகச் சொன்னால், 4கே திரையில் 1000 அடியிலேயே பிரிந்து தெரிவது, உங்கள் திரையில் 500 அடிக்கு இறங்கிய பிறகே தெரிகிறது. விமானம் நிலைப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் மேலெழ வேண்டுமா என்று விமானிகள் முடிவெடுக்கும் உயரங்களும் இவையே. முகில் நிறைந்த நாளில் 1000 அடி, தெளிந்த வானில் 500 அடி. உண்மையான பயிற்சிக்குப் போகப்போகும் உங்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. தாமதமாகப் பார்த்து, தாமதமாகத் திருத்தும் பழக்கம் கையில் ஊறிவிடக்கூடாது.

இப்போது பணம் செலவில்லாத ஒரு வழி. ஜோய்ஸ்டிக்கில் ஒரு பொத்தானை ஒதுக்கி, அதை அழுத்தினால் பார்வைக் கோணம் 50 பாகைக்கு ஒடுங்கும்படி செய்யுங்கள். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் இந்தக் கோணம் பாகையிலேயே இருக்கிறது. மைக்ரோசொப்ட் சிமுலேட்டரில் ஸூம் என்ற பெயரில் நூற்றுவீதமாக இருக்கும். 50 பாகையில் உங்கள் பழைய திரையே அந்த 9 மீற்றருக்கு மூன்றுக்கு மேற்பட்ட பிக்சல்களைக் கொடுக்கும். 4கே திரை விரிந்த பார்வையில் கொடுப்பதை அது கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிடும். இன்று மாலையே செய்து பாருங்கள். கோணம் ஒடுங்கியதும் கருவிப் பலகை பார்வையிலிருந்து கீழே நழுவிவிடும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை. வெளியேயும் உள்ளேயும் மாறிமாறிப் பார்க்க வேண்டிய, ஓடுபாதையை நெருங்கும் இறுதிக் கட்டத்தில் அது உங்களை வருத்தும். நல்ல திரை தேவைப்படுவது அங்கேதான்.

அடுத்து உயரமானி. நான் முப்பது வருடத்துக்கு மேல் விமானக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மேசையில் இருந்தவன். இதை எழுதும்போதும் என் மேசையில் ஒரு பழைய உயரமானி இருக்கிறது. சிறிய விமானங்களில் வழக்கமாக வருவது, விட்டம் மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 79 மில்லிமீற்றர். உயரமானி காற்றமுக்கத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுகிறது; அதனால் அன்றைய கடல்மட்ட அமுக்கத்தை விமானி அதில் வைக்க வேண்டும். முகத்தின் ஓரத்தில் அதற்காக ஒரு சின்னச் சாளரம். குமிழைத் திருகினால் அதனுள்ளே அமுக்க எண் நகரும். 1008, 1009, 1010 என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். அடிமட்டம் வைத்து அளந்தேன்: இலக்கத்தின் உயரம் 3 மில்லிமீற்றர். விமானியின் கண்ணிலிருந்து 75 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கும் இந்த 3 மில்லிமீற்றர், 80 பாகைப் பார்வையில் உங்கள் 1080 திரையில் ஐந்து பிக்சலைக்கூட எட்டாது. பஸ்ஸின் நெற்றியில் ஓடும் எல்இடி பலகையை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தை ஐயமில்லாமல் காட்ட ஏழு வரிசைப் புள்ளிகள் வைக்கிறார்கள். ஐந்துக்கும் குறைந்த வரிசையில் 8 என்பது 3 ஆகத் தெரியும். கொழும்பில் கடல்மட்ட அமுக்கம் பெரும்பாலான நாட்களில் 1010 ஐ ஒட்டியே இருக்கும். 1008 என்பதை 1003 என்று வைத்துவிட்டால் அந்த எண்ணின் அலகான ஒரு ஹெக்டோபஸ்கலுக்கு ஏறக்குறைய 27 அடியாக, 130 அடிக்கு மேல் பிழை வருகிறது. பட்டறையில் 130 அடி பிழை காட்டும் கருவியை நாங்கள் விமானத்தில் பூட்ட அனுமதித்ததில்லை.

1440 திரையில் அதே இலக்கத்துக்கு ஆறு பிக்சல் கிடைக்கும். பார்வைக் கோணத்தை 80 இலிருந்து 70 பாகைக்குக் குறைத்தால் ஏழு கிடைத்துவிடும். கருவிப் பலகையும் பார்வைக்குள்ளேயே நிற்கும். 4கேயில் ஒன்பது. ஆக, உங்கள் இரண்டு குறைகளுக்கும் மருந்து 1440 இல் தொடங்குகிறது.

அப்படியென்றால் நேராக 4கேக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். பிக்சல்களை எண்ணுங்கள். 1080 திரையில் 20 இலட்சத்துச் சொச்சம், 1440 இல் 37 இலட்சம், 4கேயில் 83 இலட்சம். 1440 இலிருந்து 4கேக்குப் போகும்போது கிராபிக்ஸ் கார்ட்டின் வேலை இரண்டே கால் மடங்காகிறது. 8 ஜிபி நினைவகத்தோடு, கட்டடங்களும் மரங்களும் நிறைந்த ஒரு நகரத்தின் மேல் 4கேயில் பறந்தால் நினைவகம் நிரம்பிக் காட்சி விக்கும். அதைத் தவிர்க்க, குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகளைப் போடச் சொல்வார்கள். அவை மலைக்கும் முகிலுக்கும் நன்றாக வேலை செய்கின்றன. கருவிகளின் எண்கள் மாறும்போது மட்டும் பின்னால் நிழல் இழுபடுகிறது. நாம் திரை வாங்குவதே அந்த எண்களுக்காக.

இன்னொன்றையும் சோதியுங்கள். கட்டுநாயக்க நிலையத்தில் விமானத்தை நிறுத்தி வைத்துவிட்டு, சிமுலேட்டரின் தெளிவுத்திறனை, அதாவது அது வரையும் பிக்சல் எண்ணிக்கையை, 1280 × 720 க்குக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை ஏறவில்லையென்றால், உங்கள் கணினியைப் பிடித்து வைத்திருப்பது பிரதானச் செயலி. கிராபிக்ஸ் கார்ட்டுக்கு இன்னும் இடம் இருக்கிறது. 1440 க்கு ஏறினாலும் வேகம் அதிகம் குறையாது. எண்ணிக்கை பாய்ந்து ஏறினால், கார்ட் இப்போதே முழுப் பலத்தோடு ஓடுகிறது. அப்போது 1440 வாங்கி, நிழல்களையும் முகிலையும் ஒரு படி இறக்க வேண்டியிருக்கும். அதுவும் நட்டமில்லை. முகில் சற்று அழகு குறைந்தாலும் இறங்கப் பழகலாம்.

இனி அங்குலம். 60 சென்ரிமீற்றர் தொலைவிலிருந்து 27 அங்குலத் திரை உங்கள் கண்ணில் 53 பாகையை நிரப்பும். 1440 பிக்சலுக்கு இதுவே பொருத்தம். அதே 1440 ஐ 32 அங்குலத்தில் வாங்கினால், புள்ளியின் பருமன் உங்கள் பழைய 24 அங்குல 1080 திரையில் இருப்பதே. பிழையில்லை, ஆனால் 60 சென்ரிமீற்றரில் புள்ளிகள் தெரியும். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து 75, 80 சென்ரிமீற்றர் தள்ளி அமர இடம் இருந்தால் மட்டும் 32 ஐ எடுங்கள். என் முடிவு: 27 அங்குலம், 1440, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை. அப்பாவிடம் மிச்சப் பணம் இருந்தால் அதைப் பயிற்சிப் புத்தகங்களுக்குக் கேளுங்கள்.

திரையை வைக்கும் உயரத்தையும் கவனியுங்கள். பலர் திரையின் நடுவைக் கண்ணுக்கு நேரே வைக்கிறார்கள். விமானத்தில் கண்ணுக்கு நேரே இருப்பது தொடுவானம். சமதளத்தில் பறக்கும்போது திரையில் தொடுவானம் எங்கே விழுகிறதோ, அந்தக் கோடு உங்கள் கண்மட்டத்தில் வரும்படி தாங்கியை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யுங்கள். கழுத்து உங்களுக்கு நன்றி சொல்லும்.

வெள்ளவத்தை வாசகி ஒருவர்: என் கணவர் ஓய்வு பெற்றவர், 67 வயது. பேரன் எக்ஸ்-பிளேன் போட்டுக் கொடுத்ததிலிருந்து தினமும் பறக்கிறார். மடிக்கணினியின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துப் பார்த்துத் தலைவலி. வரவேற்பறையில் 43 அங்குல 4கே தொலைக்காட்சி இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம் அம்மா. அவருடைய வயதுக்கு அது மொனிட்டரைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கிட்டத்துத் திரையைவிடச் சற்றுத் தள்ளியிருக்கும் திரை இதமானது. 43 அங்குலத் தொலைக்காட்சியை 85 சென்ரிமீற்றர் தொலைவில் வைத்தால் அது 58 பாகையை நிரப்பும். 27 அங்குல மொனிட்டரின் முன்னால் மேசையில் அமர்வதைவிட அகலமான பார்வை. அந்தத் தொலைவில் 4கேயின் புள்ளிகளும் சாதாரணக் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. ஆனால் சோபாவில் அமர்ந்து மூன்று மீற்றருக்கு அப்பாலிருந்து பார்த்தால் பயனில்லை. அங்கிருந்து அது 18 பாகை மட்டுமே. ஒரு சிறிய மேசையும் கதிரையும் தொலைக்காட்சிக்கு முன்னால் வர வேண்டும்.

அமைப்பில் மூன்று விடயங்களைப் பேரனிடம் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் கேம் மோட் போட வேண்டும். இல்லாவிட்டால் படத்தை மெருகேற்ற அது எடுக்கும் நேரத்தால், கைப்பிடியை அசைத்துச் சற்றுப் பிந்தியே விமானம் அசையும். அந்தத் தாமதத்தில் இறங்கப் பழகவே முடியாது. அடுத்தது, மடிக்கணினியின் கம்பி வந்து சேரும் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை பிசி என்று மாற்ற வேண்டும், அல்லது நிறத்தை 4:4:4 இல் வைக்க வேண்டும். இதைச் செய்யாத தொலைக்காட்சிகள் நிறத்தகவலைக் குறைத்துக் காட்டுவதால், கருப்புப் பின்னணியில் வரும் சிவப்பு எழுத்தும் ஊதா எழுத்தும் கரைந்துபோகும். கருவிப் பலகை முழுவதும் அப்படிப்பட்ட எழுத்துகள்தான். மூன்றாவது, மடிக்கணினியின் எச்டிஎம்ஐ பழைய 1.4 வகை என்றால் 4கேயில் நொடிக்கு 30 படம்தான் போகும். அப்போது தெளிவுத்திறனை 1440 அல்லது 1080 க்கு இறக்கி 60 ஆக வைத்துக்கொள்ளட்டும். மடிக்கணினியின் கிராபிக்ஸ் பலமும் அதற்கு மேல் இடம் கொடுக்காது.

வெள்ளவத்தையில் கடற்பக்க மாடிவீடாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு மேற்கு யன்னலால் வரும் வெயில், எதிர்ச்சுவரில் இருக்கும் தொலைக்காட்சியில் அப்படியே பளிச்சிடும். பளபளப்பான திரையில் விமானத்துக்குப் பதிலாக யன்னல் கம்பிகள்தான் தெரியும். தொலைக்காட்சியை யன்னலுக்குப் பக்கவாட்டான சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் தடித்த திரைச்சீலை.

தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள். அவர் பத்திரிகை வாசிக்கும் கண்ணாடியோடு பறக்கிறார் என்றால், அந்தக் கண்ணாடி 40 சென்ரிமீற்றருக்கு அளந்தது. கண் பரிசோதனைக்குப் போகும்போது "85 சென்ரிமீற்றரில் திரை பார்ப்பேன்" என்று அவர் சொல்ல வேண்டும். அந்தத் தொலைவுக்குத் தனியாகக் கண்ணாடி எழுதித் தருவார்கள். திரை மாற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

தெஹிவளை வாசகர் ஒருவர்: மூன்று 24 அங்குலத் திரைகளா, ஒரு 34 அங்குல அகலத் திரையா? இரத்மலானையில் வட்டமடித்து இறங்கிப் பழகுவதுதான் என் விருப்பம்.

வட்டமடிப்பவருக்கு வேண்டியது பக்கவாட்டுப் பார்வை. ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது அது உங்கள் இடது தோளுக்கு நேரே, 90 பாகையில் இருக்கிறது. 34 அங்குல அகலத் திரை 60 சென்ரிமீற்றரில் 67 பாகையை நிரப்புகிறது. அதாவது இடப்பக்கம் 33 பாகை. உங்கள் ஓடுபாதை அதற்குள் வராது. கோணத்தை விரித்தால் திரையின் ஓரங்களில் எல்லாம் இழுபட்டுத் தெரியும். உயரத்திலும் அது 27 அங்குலத் திரையின் உயரம்தான். நீண்ட பயணம் பறப்பவருக்கு அகலத் திரை அழகானது. உங்களுக்கு அல்ல.

மூன்று திரைகளை வளைத்து வைத்தால் 140 பாகைக்கு மேல் கிடைக்கும். எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு திரைக்கும் அதன் கோணத்தைத் தனித்தனியாகக் கொடுக்கலாம், ஓரம் இழுபடாது. மொத்தப் பிக்சல் 62 இலட்சம், ஒரு 4கே திரையைவிடக் குறைவு. ஆனாலும் காட்சியை மூன்று தடவை வரைய வேண்டியிருப்பதால் செயலி களைத்துப்போகும். மேசையும் ஒன்றரை மீற்றர் அகலம் வேண்டும். அனெக்ஸ் அறைகளில் அது பெரிய கேள்வி.

நான் சொல்வது மூன்றாவது வழி: ஒரு 27 அங்குல 1440 திரையும் தலையசைவைத் தொடரும் கருவியும். டிராக்ஐஆர் அப்படியொரு கருவி. ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளை வெப்கேமராவோடும் பயன்படுத்தலாம். தலையை 15 பாகை திருப்பினால் சிமுலேட்டரில் 90 பாகை திரும்பும்படி அமைக்கலாம், கண் திரையிலேயே இருக்கும். முதல் இரண்டு நாள் தலை சுற்றும். மூன்றாம் நாள், இரத்மலானையில் வட்டமடிக்கும்போது ஓடுபாதை எங்கே என்று நினைக்காமலே கழுத்து திரும்பிவிடும்.

வத்தளை வாசகர் ஒருவர்: நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரை அவசியமா?

இல்லை. பயணிகள் விமானமோ செஸ்னா போன்ற சிறு விமானமோ பறப்பவருக்கு 60 போதும். நொடிக்கு 40 படம் ஒரே சீராக வருவது, 90 க்கும் 35 க்கும் இடையில் துள்ளுவதைவிட மேலானது. 1440 திரைகளில் பலவும் இப்போது 144 க்கு மேலேயே வருகின்றன. வந்தால் வரட்டும், அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். போர்விமானச் சண்டைக்குப் போகிறவர் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டும்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர்: பாவித்த திரை வாங்க எண்ணுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அதன் பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்து, உற்பத்தியாளரின் விவரத்தோடு ஒப்பிடுங்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். "4கே சப்போர்ட்" என்று பெட்டியில் போட்டிருந்த திரையை நம்பி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், உயரமானியின் எண் பழைய திரையில் இருந்த அதே மங்கல். 4கே சமிக்ஞையை அது ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே இருந்த பலகை 1080. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் அலைந்தேன்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு யுஎஸ்பியில் சில படங்களை எடுத்துச் செல்கிறேன். முழுக்க வெள்ளை, முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நான்கு, செத்த பிக்சல்களைக் கண்டுபிடிக்க. முழுக்கக் கருப்பு ஒன்று. கடைக்காரரிடம் விளக்கை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிவிட்டு அதைப் போட்டால், ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று தெரியும். இரவுப் பறப்பில் அந்தக் கசிவுதான் கண்ணை உறுத்தும். கடைசியாக ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறிக் கோடு போட்ட படம், நீங்கள் வாங்கப்போகும் திரையின் அதே அளவில். அதைப் பெரிதாக்காமல், சுருக்காமல் போட்டு, திரைக்கு ஒரு சாண் அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சாம்பல் நிறமாகக் குழைந்தோ அலையலையாகவோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தால் விலையைப் பேசுங்கள்.